வலது கைக்கு ஆறு மார்க்

மார்க் போடுவதில் எனக்குக் கை நடுங்காது. பதினோரு வருடமாக இதே வேலை. மூளையில் அடிபட்டவர்களும், ரத்தக்குழாய் அடைத்துப் பாதி உடம்பு விழுந்தவர்களும் எங்கள் வார்டுக்கு வருவார்கள். கரண்டி பிடிக்கவும் பட்டன் போடவும் படியேறவும் அவர்களுக்கு மறுபடி முதலிலிருந்து சொல்லிக்கொடுப்பேன். எவ்வளவு தேறினார்கள் என்று தாளில் மார்க் போடுவேன். கெஞ்சினாலும் ஏற்ற மாட்டேன், திட்டினாலும் இறக்க மாட்டேன். வார்டில் எனக்கு ‘ஸ்கேல்’ என்று பட்டப்பெயர். எனக்குத் தெரியாது என்று அவர்களுக்கு நினைப்பு. உண்மையில் அந்தப் பெயர் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

அந்த வருடம் பெரிய டாக்டருக்கு ஒரு யோசனை வந்தது. எங்களிடம் இரண்டு விதமான தாள் உண்டு. ஒன்று சின்னத் தாள். தானாகச் சாப்பிடுகிறாரா, தானாகக் குளிக்கிறாரா என்று பத்துக் கேள்வி, மொத்தம் நூறு மார்க். நோயாளியையோ கூட இருப்பவரையோ கேட்டு ஐந்து நிமிடத்தில் எழுதிவிடலாம். இன்னொன்று பெரிய தாள். அதில் பதினெட்டுக் காரியங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஏழு வரை மார்க். எல்லாமே அடுத்தவர்தான் செய்துவிட வேண்டும் என்றால் ஒன்று. யார் துணையும் இல்லாமல் செய்தால் ஏழு. தாளின் அடியில் பலவீனமான கைக்கென்று தனியாக ஒரு வரியும் நாங்கள் சேர்த்திருந்தோம். இதைக் கேட்டு எழுத முடியாது. மூன்று நாள் கூடவே நின்று கண்ணால் பார்க்க வேண்டும்.

சின்னத் தாளே போதுமா, பெரிய தாள் தேவையா என்று ஐம்பது நோயாளிகளை வைத்து ஒப்பிட்டுப் பார்ப்போம் என்றார் பெரிய டாக்டர். சின்னத் தாள் வார்டு சிஸ்டரிடம், பெரிய தாள் என்னிடம். ஒருவர் போட்டதை மற்றவர் பார்க்கக் கூடாது. கூட்டத்தில்தான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார்கள். அந்த மார்க்கை வைத்துத்தான் நோயாளி எங்கே போவது என்றும் முடிவாகும். மார்க் நன்றாக இருந்தால் வீடு. மோசமாக இருந்தால் ஊருக்கு வெளியே இருக்கிற நீண்டகால இல்லம். குறைந்தது ஆறு மாதம், ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் சொந்தக்காரர்கள் பார்க்கலாம்.

சிஸ்டருக்கும் எனக்கும் ஆரம்பத்திலிருந்தே ஆகாது. அந்த அம்மாள் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே தாளை நிரப்புகிறாள் என்பது என் கட்சி. நான் நோயாளிகளை சர்க்கஸ் மிருகம் மாதிரி ஆட்டிவைக்கிறேன் என்பது அவள் கட்சி.

முப்பத்தேழாவது நோயாளி ஒரு தையல்காரி. முப்பத்திரண்டு வயது. மாடிப்படியிலிருந்து உருண்டு விழுந்து மண்டையில் அடி, வலது பக்கம் விழுந்துவிட்டது என்று சொல்லித்தான் கொண்டுவந்து சேர்த்தான் அவள் புருஷன். அவன் டயர்க்கடைக்காரன். லாரிச் சக்கரத்தைத் தனியாளாகக் கழற்றி மாட்டுகிற தோள். அவளுக்கு அவனே ஊட்டுவான், அவனே தலைவாருவான், வாயைத் துடைத்துவிடுவான். ‘பாப்பா, பாப்பா’ என்றுதான் கூப்பிடுவான். கட்டினால் இப்படி ஒருத்தனைக் கட்டியிருக்க வேண்டும் என்று மற்ற பெண்கள் பெருமூச்சு விட்டார்கள்.

சக்கர நாற்காலி தள்ளுகிறவர் ஒருநாள் வளைவில் திருப்பும்போது அவள் காலைச் சுவரில் இடித்துவிட்டார். டயர்க்கடைக்காரன் ஒரே அறைதான் விட்டான். அந்த மனிதருக்கு உதடு கிழிந்தது, முன்பல் ஒன்று தெறித்து விழுந்தது. பிறகு அவனே குனிந்து பல்லைப் பொறுக்கி அவர் உள்ளங்கையில் வைத்து, “பாத்துத் தள்ளுங்கண்ணே” என்றான். அதைக்கூட நாங்கள் பாசம் என்றுதான் எடுத்துக்கொண்டோம். இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே நாலு விடலாம் போலிருக்கிறது.

அவன் கடையைத் திறந்து வேலையாட்களை ஏவிவிட்டு வரப் பத்தரை மணி ஆகும். என் நேரம் எட்டரைக்கு. அந்த இரண்டு மணி நேரத்தில் அவள் வேறு பொம்பளை. வலது கை முதல் வாரம் விரலை அசைத்தது. மூன்றாவது வாரம் கரண்டி பிடித்தது. ஆறாவது வாரம் ஊசியில் நூல் கோத்தாள். இரண்டு கிலோ தண்ணீர் பாட்டிலை மேசையிலிருந்து அலமாரிக்குத் தூக்கி வைப்பதுதான் என் கடைசிப் பரீட்சை. அதையும் வைத்தாள். கொஞ்சம் மெதுவாக வைத்தாள் என்பதற்காக ஏழு போடாமல் ஆறு போட்டேன்.

நான் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருந்தவள் கதவுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

“அக்கா, கொறைச்சுப் போடுங்கக்கா.”

“என்னது?”

“மார்க்கைத்தான். ஒண்ணு ரெண்டுன்னு போட்டுடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. மார்க்கைக் கூட்டச் சொல்லிக் கெஞ்சியவர்களைப் பார்த்திருக்கிறேன், குறைக்கச் சொல்லி யாரும் கேட்டதில்லை. “உனக்கென்ன பைத்தியமா? நான் தொண்டைத் தண்ணி வத்தக் கத்தி உன் கையைக் கொண்டுவந்திருக்கேன், நீ ஒண்ணு போடச் சொல்ற. பொய் மார்க் போடறதுக்கு இங்க வேற ஆள் இருக்காங்க, நான் இல்ல” என்றேன். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் கேட்டது பைத்தியமா என்றுதான்.

புதன்கிழமை கூட்டம். பெரிய டாக்டர், சிஸ்டர், நான், சக்கர நாற்காலியில் தையல்காரி, அவள் தோளில் கை போட்டபடி புருஷன். டாக்டர் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

“சிஸ்டர், நீங்க நூத்துக்கு இருபது போட்டிருக்கீங்க. சாப்பிடறது முடியாது, உடுத்தறது முடியாது, வலது கை வேலை செய்யலன்னு குறிப்பு வேற. இவங்க கைக்கு ஆறு போட்டிருக்காங்க. ரெண்டும் ஒரே ஆள்தானா?”

“நான் கேட்டதை எழுதினேன் டாக்டர்” என்றாள் சிஸ்டர், என்னைப் பார்க்காமல்.

“ஆமா சார்” என்றான் டயர்க்கடைக்காரன். “பாப்பாவால ஒண்ணும் முடியாது. எல்லாம் நான்தான். எனக்கு அதுல கஷ்டமே இல்ல.”

பதினோரு வருடத் தலைக்கனம் எனக்கு. சிஸ்டர் மூக்கை உடைக்க இதைவிட நல்ல சமயம் கிடைக்காது. தண்ணீர் பாட்டிலை எடுத்து அவள் முன்னால் வைத்து, “தூக்கிக் காட்டும்மா” என்றேன். அவள் அசையவில்லை. கை மடியில் கிடந்தது. “தினம் தூக்குறியே” என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் கெஞ்சல் இருந்தது. எனக்கு அது பிடிவாதமாகத் தெரிந்தது.

எங்கள் வேலையில் ஒரு தந்திரம் உண்டு. நோயாளி கையை உபயோகிக்கத் தயங்கினால், யோசிக்க நேரம் கொடுக்காமல் ஒரு பொருளை விழவைப்போம். மூளைக்கு முன்னால் கை முந்திக்கொள்ளும். நான் பேசிக்கொண்டே முழங்கையால் பாட்டிலைத் தட்டிவிட்டேன். அது மேசை விளிம்பைத் தாண்டுவதற்குள் அவள் வலது கை பாய்ந்து பிடித்துவிட்டது. ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தவில்லை.

“பாத்தீங்களா டாக்டர்?” என்றேன். வெற்றியில் என் குரல் கீச்சென்று வந்தது.

டயர்க்கடைக்காரன் அந்தக் கையைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். அவன் விரல்கள் அவள் தோளில் ஒருமுறை இறுகின. “அட, வந்துடுச்சே” என்று சிரித்தான். பெரிய தாள்தான் சரி என்று டாக்டர் முடிவு செய்து, வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்.

அவர்கள் போன ஆட்டோ வாசலைத் தாண்டிய பிறகு சிஸ்டர் மருந்து அறைக்குள் என்னை இழுத்துக் கதவைச் சாத்தினாள். அடிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

“பதினெட்டு விஷயம் பாத்தியே, அவ முதுகைப் பாத்தியா?”

“முதுகு எதுக்கு?”

“நான் தெனம் அவளுக்கு ஒடம்பு தொடச்சு விட்டவ. முதுகு பூரா தழும்பு. கம்பியால சுட்டது, பெல்ட்டால அடிச்சது. அவ படியில விழல. துணி வெட்டற கத்தரிக்கோலை அவன் பக்கம் தூக்கியிருக்கா, அவன் இவ மண்டையை இரும்புல மோதியிருக்கான். கை விழுந்த அன்னைக்கிலேருந்துதான் அவன் அடிக்கல. அவ படுத்துக் கெடக்கற வரைக்கும் அவனுக்கு அவ பாப்பா. எழுந்துட்டா எதிரி. ஆறு மாசம் அந்த இல்லத்துல இருந்தா அவ தங்கச்சி வந்து கூட்டிட்டுப் போற மாதிரி எல்லாம் பேசி வெச்சிருந்தோம். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு என் கையைப் புடிச்சு சத்தியம் வாங்கினா. அதான் இருபது போட்டேன்.”

சிஸ்டருக்குக் குரல் உடைந்தது. அதற்கு மேலும் ஒரு விஷயம் எனக்கு அப்போதுதான் உறைத்தது. பெரிய தாளின் முதல் பக்கத்திலேயே விதி அச்சடித்திருக்கிறது: நோயாளியால் செய்ய முடிகிறதா என்று பார்க்காதே, அன்றாடம் செய்கிறாரா என்று பார். அவள் என் அறையில் மட்டும்தான் அந்தக் கையால் எதையும் செய்தாள். வார்டில், புருஷன் முன்னால், அவள் வாழ்க்கையில், எதுவுமே செய்யவில்லை. விதிப்படி பார்த்தாலும் சிஸ்டர் போட்டதுதான் சரியான மார்க்.

பெரிய டாக்டரிடம் சொன்னேன். “அந்தப் பொண்ணே புகார் கொடுக்கலையே, நாம என்ன பண்ண முடியும்?” என்றார். அவள் நம்பருக்குப் போன் போட்டேன். அவன் எடுத்தான். “பாப்பா தூங்குது மேடம்” என்றான். மூன்று நாள் விடாமல் போட்டேன், மூன்று நாளும் பாப்பா தூங்கிக்கொண்டே இருந்தது.

இரண்டு வாரம் கழித்து வீட்டில் வைத்து ஒரு மார்க் எடுக்க வேண்டும் என்பது இந்த ஒப்பீட்டில் ஒரு ஏற்பாடு. அந்த நாள் எப்போது வரும் என்று காத்திருந்து கிளம்பினேன். தனியாகப் போகாதே, நானும் வருகிறேன், மதியம் வரை பொறு என்றாள் சிஸ்டர். பொறுப்பது எனக்கு எப்போது வந்தது?

கீழே டயர்க்கடை. பக்கவாட்டில் இரும்புப் படி, மேலே வீடு. பகல் பதினோரு மணி. காற்றடிக்கும் இயந்திரம் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அவன் ஒரு சக்கரத்துக்கடியில் குனிந்திருந்ததால் நான் ஏறியதைப் பார்க்கவில்லை. கதவு திறந்துதான் இருந்தது. முன்னறையில் தையல் இயந்திரம், துணி வெட்டும் நீள மேசை, அதன் மேல் பழைய கனத்த இஸ்திரிப்பெட்டி. தையல்காரி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கண் மூடி வீங்கியிருந்தது. இடது கை தோளிலிருந்து மணிக்கட்டு வரை மாவுக்கட்டில் தொங்கியது.

இடது கை. நல்ல கை.

“என்னம்மா இது?” என்றேன்.

அவள் அழவில்லை. கடையில் வாங்கிய சாமானைச் சொல்வது போலச் சொன்னாள். “வீட்டுக்கு வந்த அன்னைக்கே அக்கா. கதவைச் சாத்தினான். அதான் வலது கை வந்துடுச்சே, அந்த மேடமே சொல்லிடுச்சே, அப்புறம் இது எதுக்குன்னான். முழங்காலை முதுகுல ஊணி இந்தக் கையைப் பின்னால திருகினான். ரெண்டு எடத்துல ஒடைஞ்சுது. சத்தம் எனக்கே கேட்டுச்சு. மறுநாள் அவனே கட்டுப் போடக் கூட்டிட்டுப் போனான். வழியில ஜூஸ் வாங்கிக் குடுத்தான்.”

நான் போட்ட ஆறு மார்க் அந்த மாவுக்கட்டுக்குள் இருந்தது. வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. “எழுந்திரு, இப்பவே கிளம்பு” என்று அவள் தோளைத் தொட்டேன். கீழே இயந்திரம் நின்றது. இரும்புப் படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

“வாங்க மேடம்” என்றான் டயர்க்கடைக்காரன். கையெல்லாம் கரி. “இன்னைக்கு எத்தனை மார்க்?”

அந்த இடத்தில் தலையாட்டிவிட்டு, தாளை நிரப்புவது போல் நிரப்பிவிட்டு, கீழே இறங்கி போலீசுக்குப் போயிருந்தால் கதை வேறு. என் வாய் என்றைக்கு என் பேச்சைக் கேட்டது? “உனக்குத்தாண்டா மார்க் போட வந்திருக்கேன், நாயே. உன்னை உள்ள தள்ளாம நான் ஓய மாட்டேன்” என்றேன்.

அவன் கோபப்படவே இல்லை. திரும்பிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான். என் கையிலிருந்த தாளை வாங்கி நாலாக மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். பிறகு என் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துச் சுவரில் மோதினான். முதல் மோதலில் பொறி பறந்தது. இரண்டாவதில் வாய்க்குள் ரத்தம் உப்புக் கரித்தது. மூன்றாவதில் கால் மடங்கிக் கீழே சரிந்தேன். என் மார்பின் மேல் ஏறி உட்கார்ந்து கழுத்தை இரண்டு கையாலும் பிடித்தான். டயர் ரப்பர் நாற்றம் மூக்கில் ஏறியது. அவன் கைகளைப் பிறாண்டினேன். கடிக்கப் பார்த்தேன். மூச்சு வரவில்லை. அவன் முகம் எந்தச் சலனமும் இல்லாமல் வேலையில் மும்முரமாக இருந்தது, அது ஒன்றுதான் எனக்குத் தெளிவாக ஞாபகம் இருக்கிறது.

அவன் தோளுக்கு மேலே இஸ்திரிப்பெட்டி எழுந்தது.

முதல் அடி பின்மண்டையில் விழுந்தது. அவன் பிடி தளர்ந்தது. திரும்பிப் பார்த்து, “நீயா பாப்பா?” என்றான், நிஜமாகவே ஆச்சரியப்பட்டு. இரண்டாவது அடி நெற்றிப் பொட்டில். பக்கவாட்டில் சாய்ந்தான். மூன்றாவதும் நாலாவதும் அவன் தரையில் கிடந்தபோது விழுந்தன. நாலாவதில் எலும்பு உள்ளே போன சத்தம் வேறாக இருந்தது. ஐந்தாவதுக்கு ஓங்கியபோதுதான் நான் ஊர்ந்துபோய் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். கை நடுங்கவில்லை, தோள் தொங்கவில்லை, பிடி நழுவவில்லை. அந்த நிலைமையிலும் என் பாழாய்ப்போன மூளை ஏழு என்றது.

பெட்டியை நான் வாங்கிக் கீழே வைத்தேன். அவள் ஸ்டூலில் போய் உட்கார்ந்தாள். வலது கையை மடியில் போட்டுக்கொண்டாள். முகத்தில் அவன் ரத்தம் தெறித்திருந்தது.

“இப்பவாவது கொறைச்சுப் போடுங்கக்கா” என்றாள்.

நான் யோசித்தேன். என் கழுத்தில் அவன் விரல்கள் அப்படியே பதிந்திருந்தன. அவள் முதுகிலோ பத்து வருடத் தழும்பு. நான் அடித்தேன் என்றால் உயிருக்குப் போராடினேன் என்பார்கள். அவள் அடித்தாள் என்றால், அத்தனை வருஷத்துக்கும் சேர்த்துப் பழி தீர்த்தாள் என்பார்கள். விழுந்த பிறகு விழுந்த இரண்டு அடியை எண்ணிக் காட்டுவார்கள். மேசையில் கிடந்த துணியால் பெட்டியின் பிடியை அழுந்தத் துடைத்தேன். பிறகு என் ரத்தக் கையால் அதை இறுகப் பிடித்தேன். ஈரத் துணியால் அவள் முகத்தையும் கையையும் துடைத்துவிட்டு, அந்தத் துணியை அவன் தலையடியில் ரத்தத்தில் போட்டேன். அதன் பிறகுதான் ஜன்னலைத் திறந்து கத்தினேன்.

மூன்றாம் நாள் இன்ஸ்பெக்டர் எங்கள் வார்டுக்கே வந்தார். நான் கழுத்துப் பட்டையோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். எதிர்க் கட்டிலில் தையல்காரி. சிஸ்டர் அவளுக்கு ரொட்டியைப் பிய்த்துத் தேநீரில் நனைத்து ஊட்டிக்கொண்டிருந்தாள். இன்ஸ்பெக்டர் கையில் இரண்டு தாளும் இருந்தன. பெரிய டாக்டர்தான் கொடுத்திருக்க வேண்டும்.

“நாலு அடி விழுந்திருக்கு. நீங்கதான் அடிச்சீங்களா?” என்றார் என்னிடம்.

“ஆமா.”

“ரெண்டு அடி, ஆள் தரையில விழுந்தப்புறம்.”

“உயிர் போற பயத்துல இருந்தேன் சார். எண்ணல.” எண்ணுவதே பிழைப்பாக இருந்தவள் சொன்ன பொய் அது.

“இந்தம்மாவுக்கு இடது கை கட்டுல இருக்கு. அதனால அவங்க அடிச்சிருந்தா வலது கையாலதான் அடிச்சிருக்கணும். ரெண்டு கிலோ தூக்குவாங்கன்னு நீங்களே ஆறு போட்டிருக்கீங்க. அந்த இஸ்திரிப்பெட்டியும் ரெண்டு கிலோ சொச்சம்தான். சிஸ்டர் தாள்ல அந்தக் கை வேலையே செய்யலன்னு இருக்கு. எந்தத் தாள் சரி?”

சக்கர நாற்காலி தள்ளுகிறவர் வாசலிலேயே நின்றுவிட்டார். சிஸ்டர் என்னைப் பார்த்தாள்.

“சிஸ்டரோட தாள்தான் சரி” என்றேன். “என் தாள் தப்பு. நான் பாத்தது என் ரூம்லயும் கூட்டத்துலயும் ஒவ்வொரு தடவை அகஸ்மாத்தா நடந்தது. அதை வெச்சு மார்க் போடக் கூடாது. விதி முதல் பக்கத்துலயே இருக்கு, படிச்சுப் பாருங்க. எனக்குத் தலைக்கனம் சார். சிஸ்டரை மட்டம் தட்டறதுக்காகக் கூட்டிப் போட்டுட்டேன்.”

“நான் எப்பவுமே சரியாத்தான் போடுவேன்” என்றாள் சிஸ்டர், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “இவதான் கேக்கவே மாட்டா.”

இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். திருப்தி ஆனவர் போலத் தாள்களை மடித்தார். கட்டில் பக்கத்து மேசையில் ஆவி பறக்கும் தேநீர்க் கோப்பை இருந்தது, தையல்காரியின் வலது கைக்கு ஒரு சாண் தூரத்தில். தாள்களைப் பைக்குள் வைக்கத் திரும்புவது போல் திரும்பியவர், முழங்கையால் கோப்பையைத் தட்டிவிட்டார்.

என் தந்திரம். அதே முழங்கை. டாக்டர் அதையும் சொல்லியிருக்கிறார்.

கோப்பை கவிழ்ந்து கொதிக்கும் தேநீர் அவள் மடியில் கொட்டியது. அவள் அலறினாள். உடம்பு வில்லாக வளைந்தது, கால்கள் உதறின, மாவுக்கட்டுப் போட்ட இடது கை கூட எழுந்தது. வலது கை மட்டும் கிடந்த இடத்திலேயே கிடந்தது. தேநீர் அந்தக் கையின் மேலும் வழிந்தது. தோல் சிவந்து எழும்புவதை நான் பார்த்தேன். ஒரு விரல் அசையவில்லை.

சிஸ்டர் இன்ஸ்பெக்டரைப் பிடித்துத் தள்ளிவிட்டுத் தண்ணீருக்கு ஓடினாள். அவர் அந்தக் கையை ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு, “மன்னிச்சுக்கம்மா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இது நடந்து மூன்றரை மாதம் ஆகிறது. கொலை வழக்கு என் மேல் நடக்கிறது. ஜாமீனில் இருக்கிறேன். வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். தற்காப்பு என்று தீர்ப்பு வரும், கவலைப்படாதீர்கள் என்கிறார் வக்கீல். எப்போது வரும் என்று கேட்டால் ஒரு வருடம் என்கிறார், இரண்டு என்கிறார். தையல்காரி முக்கிய சாட்சி. சிஸ்டர் போட்ட மார்க்கின்படி அவளை நீண்டகால இல்லத்தில் சேர்த்தார்கள். தீர்ப்பு வரும் வரை அந்த வலது கை எழுந்திருக்கக் கூடாது. அங்கே ஆயாக்கள் இருக்கிறார்கள், சக நோயாளிகள் இருக்கிறார்கள், சாப்பாட்டு நேரம் இருக்கிறது. யார் எப்போது பார்ப்பார்கள் என்று சொல்ல முடியாது. இடது கை கோணலாகக் கூடிவிட்டது. அதை வைத்துக்கொண்டு அவளால் ஊசி பிடிக்க முடியாது. தங்கைக்குப் பக்கத்திலேயே ஒரு தையல்கடை போட வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. அதற்கு அந்த வலது கை வேண்டும்.

உபயோகிக்காத கை என்ன ஆகும் என்று நான் எத்தனையோ குடும்பங்களுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். அதனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போகிறேன். பழம் வாங்கிப்போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, போர்வைக்குள் கையை விட்டு, ஊர்க்கதை பேசிக்கொண்டே அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து மடக்குவேன். அவளும் ரகசியமாக என் விரலை அழுத்துவாள். பத்துத் தடவை அழுத்தல், பத்துத் தடவை விரித்தல். சிஸ்டர் வாசல் பக்கம் நின்று ஆயாவிடம் வம்பளந்துகொண்டிருப்பாள்.

போன ஞாயிற்றுக்கிழமை என் விரலை அவள் உள்ளங்கையில் வைத்தேன். “அழுத்து” என்று மெல்லச் சொன்னேன். ஒன்றும் வரவில்லை. யாராவது பார்க்கிறார்களோ என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

“அழுத்தும்மா, யாரும் இல்ல.”

அவள் முகம் வேர்த்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். போர்வைக்குள் அவள் கட்டைவிரல் உள்ளே மடங்கி, மற்ற விரல்கள் அதன் மேல் இறுகிக் கிடந்தன. பிரித்துப் பார்த்தேன். மரக்கட்டை மாதிரி இருந்தது. வலியில் அவள் கண்ணில் தண்ணீர் வந்தது.

“அக்கா” என்றாள். “இப்ப நெஜமாவே வரல.”

நடிக்கிற கை எனக்குத் தெரியும். இது நடிப்பு இல்லை. போர்வையை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டு, கட்டைவிரலை வெளியே எடுத்து, ஒன்று என்று முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தேன்.